அத்தையின் வெண்கலத் தலை

எங்கள் வீட்டுக்குக் கரண்ட் கணக்கெடுக்க வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "நெத்திம்மா, நெத்தி" என்று சொல்லிவிட்டுத்தான் மீட்டர் பக்கம் போவார். அத்தை கேட்கப்போகிற கேள்விக்கு அதுதான் பதில். அவளைக் கேட்க விட்டுவிட்டால் அன்றைக்கு அந்தத் தெருவில் வேறு வீட்டுக்குப் போக முடியாது என்பது அவருக்குத் தெரியும். தபால்காரரும் பால்காரரும் ஆளுக்கொரு தடவை மாட்டிக்கொண்ட பிறகு அதே வழிக்கு வந்துவிட்டார்கள்.

கேள்வி இதுதான். எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மர முக்காலியின் மேல் வெண்கலத்தில் வார்த்த தலை ஒன்று இருக்கும். மனுசத் தலை அளவு. வருகிறவரை அதற்கு எதிரே நிற்கவைத்து, அத்தை அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "என் சாடை இருக்கா?" என்பாள்.

இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. "எங்கன இருக்கு, சொல்லுங்க பாப்போம்" என்பாள். மூக்கு என்றால் தன் மூக்கு அவ்வளவு நீளமா என்று சண்டைக்கு வருவாள். வாய் என்றால், சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது என்பாள். இல்லை என்று உண்மையைச் சொன்னவர்கள் பாடு இன்னும் மோசம். கண்ணாடி போடாமல் ஏன் வெளியே வருகிறீர்கள் என்று ஆரம்பித்து, அவர்கள் வீட்டில் யார் யாருக்குக் கண் தெரியாது என்பதுவரை போவாள். நெற்றி ஒன்றுதான் அவள் மறுத்துப் பேச முடியாத இடம். எந்தத் தலையிலும் நெற்றி நெற்றி மாதிரிதானே இருக்கும்.

அத்தை என் அப்பாவின் அக்கா. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். சமையலில் கெட்டி, கணக்கில் கெட்டி, யாருக்காவது பிள்ளை பிறந்தால் முதலில் போய் நிற்கிறவள். இந்தத் தலை விஷயம் ஒன்றைத் தவிர அவளிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒன்றே போதும், ஒரு வீட்டையே படுத்தி எடுப்பதற்கு.

அந்தத் தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீண்ட கழுத்து. புருவத்திலிருந்து அரிவாள்மணை விளிம்பு போல நேராக இறங்குகிற மூக்கு. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கீறல்கள், உள்ளே கண்பாப்பா கிடையாது. காது இல்லவே இல்லை. தலைமுடியை ஒரு உருண்டையாகப் பின்னால் அப்பி வைத்திருக்கும். அத்தைக்கோ உருண்டை முகம், சப்பை மூக்கு, ஊரே பார்க்கிற மாதிரி பெரிய கண்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாடை கேட்டால் நாங்கள் எங்கே போவோம்?

போதாததற்கு அதைத் தேய்ப்பாள். வெள்ளிக்கிழமை காலையில் புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குத் தூக்கிப் போவாள். பானை, குத்துவிளக்கு வரிசையில் அதுவும் உட்கார்ந்திருக்கும். தலை முதலில் ரயில் பார்சலில் வந்து இறங்கியபோது கருப்பும் பச்சையும் கலந்த ஒரு நிறத்தில் இருந்ததாம். ரயில் புகை பட்ட அழுக்கு என்று நினைத்து, வந்த அன்றைக்கே அத்தையும் என் அம்மாவும் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, மாலைக்குள் அதைப் பொன் போல ஆக்கிவிட்டார்கள். அந்தக் கருப்பு நிறத்தைச் சிலை செய்தவர் மெனக்கெட்டுப் பக்குவம் பண்ணி ஏற்றியிருப்பார் என்று எனக்குத் தெரிய வந்தது மிகவும் பிற்பாடு. அப்போது தேய்க்க ஆரம்பித்த கை நிற்கவே இல்லை. தேய்க்கத் தேய்க்க உதட்டு விளிம்பும் கன்னத்தில் இருந்த லேசான மேடு பள்ளமும் மழுங்கிக்கொண்டே வந்தன. இருந்த கொஞ்சநஞ்சச் சாடையையும் அவளே வாராவாரம் புளி போட்டுக் கரைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு தடவை இதைச் சொல்லப்போக, "பாத்திரம் பளிச்சுன்னு இல்லாட்டா வீட்டுக்கு வாரவுக என்ன நெனைப்பாக?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

இந்தத் தலை எங்கிருந்து வந்தது என்பதை என் அம்மாதான் எனக்குச் சொன்னாள். அத்தையை மெட்ராசில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமா அங்கே ஒரு சித்திரப் பள்ளிக்கூடத்தில் பியூன். சிலை செய்யச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் ஒருவர், மாமாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த அத்தையைப் பார்த்துவிட்டு, இந்த முகத்தை நான் செய்ய வேண்டும் என்று மாமாவிடம் கேட்டிருக்கிறார். பெரிய வாத்தியார் தன்னிடம் வந்து கேட்டதில் மாமாவுக்குப் பெருமை. அவர்தான் சரி என்று தலையாட்டியது. கொஞ்ச நாள் அத்தை மத்தியானங்களில் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

அதே பள்ளிக்கூடத்தில், மாணவர்கள் பார்த்து வரைவதற்காகத் துணியில்லாமல் உட்காருகிற பெண்களும் கூலிக்கு வருவார்கள். மாமா குடியிருந்த வரிசை வீடுகளில் யாரோ ஒருத்தி, உன் பெண்டாட்டியும் அப்படித்தான் உட்கார்ந்தாளாமே என்று மாமாவிடம் கேட்டுவிட்டாள். தான் தலையாட்டியது மாமாவுக்கு மறந்துபோயிற்று. அத்தையை ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்.

அத்தை அழவில்லையாம். முகத்தை மட்டும்தான் செய்தார், கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை, சிலையைக் கொண்டுவந்து காட்டினால் தெரிந்துபோகிறது என்று சொல்லிவிட்டாள். அப்பா அந்த வாத்தியாருக்கு விவரத்தை எழுதினார். அவர் நல்ல மனுஷன். மனசு கஷ்டப்பட்டு, தலையையே மரப்பெட்டியில் வைக்கோல் சுற்றி அனுப்பிவிட்டார். மாமாவுக்கும் சொல்லி அனுப்ப, அவரும் வந்து சேர்ந்தார். மீசையும் மூக்குக்கண்ணாடியும் அப்படியே இருக்கிற மாதிரி முச்சந்தியில் தலைவர்களுக்கு வைப்பார்களே, அப்படி ஒன்றைத்தான் எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா தலையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்துச் சொன்னார்:

"இது நீயில்ல. உன்னைச் செஞ்ச செலைய எங்க வச்சிருக்காக?"

அவ்வளவுதான். அடுத்த ரயிலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அந்தத் தலை அத்தைதான் என்றால், செய்தது தலை மட்டும்தான் என்று ஆகும். அத்தை இல்லை என்றால், அவளைச் செய்த வேறொரு சிலை எங்கோ முழு உடம்போடு நின்றுகொண்டிருக்கிறது என்று ஆகும். கரண்ட் கணக்கெடுக்க வந்தவரிடம் அவள் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

விஷயம் தெரிந்த பிறகு எனக்கு அத்தை மேல் இருந்த எரிச்சலில் பாதி அந்த வாத்தியார் மேல் திரும்பியது. இரண்டு காது வைத்தால் என்ன குறைந்துபோகும்? கண்ணில் ஒரு பொட்டு வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? நான் வேலைக்குப் போய் நாலு இடம் பார்த்த பிறகு, அப்போதுதான் நம் பக்கத்தில் சிலை செய்கிறவர்கள் அந்தப் புது மாதிரியைப் பிடித்துக்கொண்டார்கள் என்றும், அவர்கள் ஆளை அப்படியே செய்ய மாட்டார்கள், ஆளுக்கு உள்ளே இருப்பதைத்தான் செய்வார்கள் என்றும் படித்தவர்கள் சொல்லக் கேட்டேன். உள்ளே இருப்பதை வைத்துக்கொண்டு அத்தை என்ன செய்ய? மாமா கேட்டது வெளியே இருப்பதை.

ஆனால் மீதிப் பாதி எரிச்சல் அத்தை மேல்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும். எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வந்து, படுக்க இடமில்லாமல் ஒருத்தர் மேல் ஒருத்தர் கால் போட்டுக் கிடப்பார்கள். ஒரு வருஷம் குருவிகுளத்திலிருந்து வந்த ஒரு கிழவி, கோயிலில் பிரசாதமாக வாங்கிவந்த புற்றுமண்ணைக் குழைத்து, பயபக்தியோடு அந்தத் தலையின் நெற்றியில் பூசி, குங்குமம் வைத்து, விழுந்து கும்பிட்டுவிட்டாள். பளபளவென்று வெறும் முகமாக முக்காலியில் இருந்தால் யாருக்குத்தான் அம்மன் என்று தோன்றாது? அத்தை பாய்ந்து வந்து, "எந்திரிங்க, அது சாமி இல்ல, நான்" என்றாள். கிழவி கும்பிட்ட கையை எடுக்காமல் அத்தையை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, இவளுக்கு அருள் வந்திருக்கிறது என்று நினைத்து அவள் காலிலும் விழுந்தாள். வீடே சிரித்தது. அத்தை மட்டும், விழுந்த கிழவியைத் தூக்கி நிறுத்தி, சாடை இருக்கிறதா என்று கேட்டாள். கிழவி, ஆத்தா சொன்னால் இருக்கும் என்றாள். அத்தைக்கு அந்தப் பதில் செல்லாது.

இன்னொரு தடவை என்னைக் கூட்டிக்கொண்டு போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனாள். தலையைச் சாக்கில் சுற்றி ஜட்காவில் வைத்து, நான் மடியில் பிடித்துக்கொண்டேன். குண்டும் குழியுமான ரோட்டில் வண்டி ஏறி இறங்கிய ஒவ்வொரு தடவையும் அது என் முழங்காலைப் பதம் பார்த்தது. ஸ்டுடியோக்காரரிடம், இதையும் என்னையும் ஒரே மாதிரி வெளிச்சம் போட்டு எடுக்க வேண்டும் என்றாள். அவரும் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தார். இந்தப் பக்கம் விளக்கை நகர்த்து, அந்தப் பக்கம் நகர்த்து என்று அத்தை படுத்திய பாட்டில், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா என்று கேமராவை மூடுகிற கறுப்புத் துணியைத் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டார். கடைசியில் படம் வந்தது. வெண்கலத் தலை வெண்கலத் தலையாக இருந்தது. அத்தை கழுத்தை முடிந்தமட்டும் நீட்டி, கன்னத்தை உள்ளே இழுத்து, அந்தப் பெரிய கண்களைக் கீறலாக இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அந்தத் தலையைப் போல ஆகப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் தாங்க முடியாமல் கோபம் வந்தது.

இதெல்லாம் வீட்டுக்குள் இருக்கிறவரைக்கும் வேடிக்கைதான். எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் அது வேடிக்கையாக இல்லை. எழுபதுகளின் கடைசி. நான் டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிவிட்டு, ஒரு வக்கீல் ஆபீசில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதலில் திருவேங்கடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். காபி குடித்து டம்ளரைக் கீழே வைக்கவில்லை, அத்தை மாப்பிள்ளையின் பெரியப்பாவைத் தலைக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள். அவர் விளையாட்டாக, "என்னம்மா, வெட்டி வச்ச தல மாதிரில்லா இருக்கு" என்றார். அப்புறம் மெட்ராஸ், வாத்தியார், ஸ்டூல் எல்லாம் அத்தை வாயாலேயே வந்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது என்பது அவள் கட்சி. போனவர்களிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. அடுத்து வந்த இடமும் அப்படியே போயிற்று. சிலைக்கு உட்கார்ந்தவள் வீட்டில் பெண் எடுக்க வேண்டுமா என்று யாரோ கேட்டதாகக் காதுக்கு வந்தது. அம்மா அடுப்படியில் மூக்கைச் சிந்துவாள். அத்தை முன்னறையில் யாரிடமாவது சாடை கேட்டுக்கொண்டிருப்பாள்.

நான் ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளிடம் கேட்டேன், ஊரெல்லாம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் மட்டும் மாமா வந்துவிடுவாரா என்று. அவர் வந்தால் யார் கதவைத் திறக்கப்போகிறார்கள் என்றாள் அத்தை. அப்படியானால் எதற்கு இந்தப் பாடு என்றேன்.

"நான் உள்ளதச் சொன்னேன் ஏட்டி. உள்ளதுன்னு ஒருத்தராவது சொல்லாண்டாமா?"

 எரிச்சலோடு எழுந்து போனேன்.

பிறகுதான் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து அந்த இடம் வந்தது. வயல் உள்ள குடும்பம், பையனுக்குத் தென்காசியில் வேலை. பையன் தூரத்தில் என்னை எங்கேயோ பார்த்திருக்கிறார், பிடித்துப்போயிருக்கிறது. ஆனால் பையனின் அம்மாவுக்கு மெட்ராஸ் விஷயம் ஏற்கனவே எட்டிவிட்டது, வந்து நேரில் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார் என்று தரகர் வந்து சொன்னார். இதுவும் போனால் அடுத்து வர ஆள் இல்லை என்று அப்பாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நானும் அந்தப் பையனைப் பார்த்திருந்தேன், எனக்கும் பிடித்திருந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

அப்பா அத்தையிடம் கெஞ்சினார். ஒரு நாளைக்குத் தலையைப் பரணில் போட்டுவிடலாம் அக்கா என்றார். ஒளித்து வைத்தால்தான் சந்தேகம் வரும், அது அங்கேயே இருக்கட்டும் என்று அத்தை சொல்லிவிட்டாள். அப்பா மனசு கேட்காமல் ஒரு துண்டை எடுத்து அதன் மேல் போட்டுப் பார்த்தார். முக்காடு போட்டுக்கொண்டு யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி அது இன்னும் பயங்கரமாக இருந்தது. துண்டை எடுத்துவிட்டார். அத்தை, "நான் பாத்துக்கிடுதேன், போ" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் எங்களுக்கு இருக்கிற பயமும் கூடத்தான் செய்யும்.

வந்தார்கள். ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். நான் பட்டுச்சேலையும் காபித் தட்டுமாக அடுப்படி வாசலில் நின்றுகொண்டு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையனின் அம்மா, பின்னால் எனக்கு மாமியாராக வந்தவர், ஒல்லியான மனுஷி, அதிகம் பேச மாட்டார். ஊர்க்கதை எதுவும் பேசாமல் நேராகவே கேட்டார்.

"ஒங்க வீட்ல ஒரு அம்மா மெட்ராஸ்ல செலைக்கு உக்காந்தாகன்னு சொல்லுதாக. அது யாரு?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் அத்தைதான் முன்னால் வந்தாள்.  இதோ தலைப் பக்கம் போகப்போகிறாள், இதோ கேட்கப்போகிறாள், என் கல்யாணம் இத்தோடு முடிந்தது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்படி யாரும் நம்ம வீட்ல கெடையாது" என்றாள் அத்தை.

"அப்பம் இந்தத் தல?"

"இதா? எங்க வீட்டுக்காரர் வேலை பாத்த எடத்துல வேண்டாம்னு கழிச்சுப் போட்டது. கனமா இருக்கேன்னு கொண்டாந்து போட்டோம். யார் தலையோ."

சாதாரணமாகச் சொன்னாள். காய்கறி விலை சொல்கிற மாதிரி சொன்னாள். அப்பா தரையைப் பார்த்தார். பையனின் அம்மா எழுந்தார். முக்காலிப் பக்கம் போய், கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, தலையைப் பார்த்தார். திரும்பி அத்தையைப் பார்த்தார். மறுபடியும் தலையைப் பார்த்தார். அவ்வளவு நிதானமாக அதை யாரும் பார்த்ததில்லை.

"எதுக்கு மறைக்கீக? இது நீங்கதான. ஒருத்தர் பேசும்போது கழுத்த லேசாச் சாச்சுக் கேக்கீகள்லா, இப்பம் நிக்கீகளே, இதே மாதி. அச்சு அசல் நீங்க."

நான் தலையைப் பார்த்தேன். அது சாய்ந்துதான் இருந்தது. பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் இருக்கிறேன், எனக்கு அது தெரியவில்லை.

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, பார்த்துப் பிடித்துப்போய்த்தான் சொன்னார் என்று கல்யாணத்துக்கு அப்புறம் அவரே என்னிடம் சொன்னார். அன்றைக்கு அவர் குரலை வைத்து ஒன்றும் தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆமாம் என்று சொல்லேன் அத்தை, இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே போகிறவன் வருகிறவன் உயிரையெல்லாம் எடுத்தாய், இப்போது நீ கேட்காமலே ஒருத்தி நம் வீட்டு நடுவில் நின்று சொல்கிறாள், ஆமாம் என்று சொல்லித் தொலையேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. என் கல்யாணத்தைக்கூட அந்த நிமிஷம் நான் நினைக்கவில்லை.

அத்தை சாய்ந்திருந்த கழுத்தை மெதுவாக நிமிர்த்திக்கொண்டாள்.

"நான் இல்லம்மா" என்றாள்.

பிறகு விறுவிறுவென்று அடுப்படி வாசலுக்கு வந்து, என் தோளைப் பிடித்து முன்னறைக்கு நடத்திக்கொண்டு போனாள். அந்தத் தலையை மறைத்தாற்போல என்னை முன்னால் நிறுத்தினாள்.

"பாக்க வந்த மொகம் இங்கன இருக்கு. இதப் பாருங்க" என்று என் முகவாயைத் தொட்டுத் தூக்கினாள்.